வெளியான ஆய்வுக் கட்டுரையில் கோளாறு தெரிகிறது: யாரிடம் சொல்வது?

மேற்கோள் காட்டலாம் என்று ஒரு கட்டுரையை எடுத்து நிதானமாகப் படிக்கிறீர்கள். அட்டவணையில் ஒரு எண் உதைக்கிறது. அல்லது, இரண்டு வெவ்வேறு சோதனைகளின் படங்கள் என்று போட்டிருப்பவை அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கின்றன. கட்டுரை வந்தது நல்ல இதழில். எழுதியவர் துறையில் பெயர் பெற்றவர். நீங்களோ இன்னும் முனைவர் பட்டம் முடிக்காதவர், அல்லது இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர்.

இந்த நிலையில் மாட்டிக்கொண்டு என்ன செய்வதென்று கேட்பவர்கள் அதிகம். கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் “உனக்கு எதற்கு வம்பு?” என்பதுதான். இந்தப் பதில் எனக்கு உடன்பாடில்லை. தவறான ஒரு கட்டுரையை நம்பி இன்னொரு மாணவர் இரண்டு ஆண்டுகளை வீணாக்குவார். மருத்துவக் கட்டுரையாக இருந்தால் அதை நம்பி ஒருவருக்கு மருந்து கொடுப்பார்கள். ஆகவே சொல்லத்தான் வேண்டும். ஆனால் யாரிடம், எந்த வரிசையில் என்பதை யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

வழிகள் நான்கு. கட்டுரையாளருக்கே எழுதலாம். இதழாசிரியருக்கு எழுதலாம். கட்டுரையாளர் வேலை செய்யும் நிறுவனத்தில் புகார் கொடுக்கலாம். பொதுவெளியில் எழுதலாம். இவற்றை ஒப்பிடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

## முதலில் உங்கள் கணக்கைச் சரிபாருங்கள்

“ஏதோ சரியில்லை” என்ற உணர்வை வைத்துக்கொண்டு யாருக்கும் எழுத முடியாது. மற்றவர்களும் செய்து பார்க்கக்கூடிய சோதனையாக அது மாற வேண்டும். நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹெதர்ஸும் 2016-இல் முன்வைத்த ‘கிரிம்’ சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 28 பேர் முழு எண்களில் மதிப்பெண் கொடுத்தார்கள், சராசரி 3.51 என்று ஒரு கட்டுரை சொல்கிறது என்று வையுங்கள். கூட்டுத்தொகை 98 என்றால் சராசரி 3.50. 99 என்றால் 3.54. இடையில் 3.51 வர வழியே இல்லை. இதைக் காட்ட மூலத் தரவு வேண்டாம், சாதாரணக் கணக்குப்பொறி போதும்.

ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். ஒவ்வொருவரின் மதிப்பெண்ணும் நான்கு கேள்விகளின் சராசரியாக இருந்தால் 3.51 வரலாம். ஒருவர் பதில் சொல்லாமல் விட்டிருந்து, 27 பேருக்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தாலும் எண்கள் மாறும். கட்டுரையின் செய்முறைப் பகுதியையும் இணைப்புகளையும் இந்தக் கண்ணோடு இன்னொரு முறை படியுங்கள். துறை தெரிந்த, வாயைக் காக்கத் தெரிந்த ஒரு நண்பரிடம் உங்கள் முடிவைச் சொல்லாமல் பக்கத்தை மட்டும் காட்டுங்கள். அவர் கண்ணிலும் அதே இடம் பட்டால் உங்கள் சந்தேகத்துக்கு வலு கூடுகிறது.

அப்புறம், எல்லாவற்றையும் சேமித்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் இப்போதைய பிடிஎஃப், இணைப்புக் கோப்புகள், பொதுவில் வைத்த தரவு, தேதியோடு. யாருக்கும் எழுதுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

எந்த வழி நல்லது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. கீழே உள்ள கேள்விகளை உங்கள் கையில் உள்ள விஷயத்தோடு பொருத்திப் பார்த்தால் கிடைக்கும்.

- ஆதாரம் யார் கையில் இருக்கிறது? அச்சான பக்கத்திலேயே இருக்கிறதா, கட்டுரையாளரின் கணினியில் இருக்கிறதா, ஆய்வகத்தின் பூட்டிய அலமாரியில் இருக்கிறதா?
- நேர்மையான பிழையாக இருக்க வாய்ப்பு உண்டா? எண்ணை மாற்றித் தட்டச்சு செய்வது எவருக்கும் நேரும். ஒரே படத்தைத் திருப்பிப் போட்டு, ஓரத்தை வெட்டி, வேறு சோதனை என்று சொல்வது தற்செயலாக நேர்வது கடினம்.
- யாருக்காவது இப்போதே தீங்கு நடந்துகொண்டிருக்கிறதா? நோயாளிகள் இருக்கிறார்கள் என்றால் காலம் மிக முக்கியம்.
- பதிவு திருந்துமா? கட்டுரையைத் தேடிப் படிப்பவருக்கு அந்தக் கட்டுரையின் பக்கத்திலேயே எச்சரிக்கை தெரிய வேண்டும்.
- உங்களுக்கு என்ன ஆகும்? இதைக் கேட்பது சுயநலம் என்று யாரும் சொல்லக் கூடாது. வேலையை இழந்த ஒருவரால் அடுத்த கோளாறைச் சுட்டிக்காட்ட முடியாது.

இவற்றில் நான் அதிக எடை கொடுப்பது முதல் கேள்விக்கு. சந்தேகத்தின் அளவையோ கோபத்தின் அளவையோ வைத்து வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் தவறான முகவரிக்கு எழுதுகிறார்கள். சந்தேகத்தைத் தீர்க்கும் ஆதாரத்தைப் பார்க்கும் அதிகாரம் எவருக்கு இருக்கிறதோ, அவருக்கே எழுத வேண்டும்.

## வழி 1: கட்டுரையாளருக்கே எழுதுவது

கெட்ட எண்ணம் இல்லாத பிழைகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. வேகமானது, செலவில்லாதது, ஒருவர் மானத்தையும் கெடுக்காதது.

2010-இல் பொருளியல் வல்லுநர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக -0.1 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது என்று அதில் ஒரு கணக்கு. பல நாடுகளில் சிக்கன நடவடிக்கைக்கு ஆதரவாக அது எடுத்துக் காட்டப்பட்டது. மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், வகுப்பு வேலைக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். எண் வரவில்லை. கட்டுரையாளர்களிடமே கேட்டார், அவர்களும் விரிதாளை அனுப்பினார்கள். சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகளின் வரிசைகள் விடுபட்டிருந்தன. வேறு சில தரவுகள் சேர்க்கப்படாததையும், நாடுகளுக்கு எடை கொடுத்த முறையையும் சேர்த்துத் திருத்தியபோது சராசரி 2.2 சதவீதமாக வந்தது. ஹெர்ண்டன் தன் பேராசிரியர்கள் இருவரோடு சேர்ந்து 2013-இல் இதை வெளியிட்டார். விரிதாள் பிழையைக் கட்டுரையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். மற்றவற்றில் உடன்படவில்லை.

அந்த விரிதாள் கிடைக்காமல் போயிருந்தால் பிழையை இவ்வளவு துல்லியமாகக் காட்டியிருக்க முடியாது. ஆதாரம் கட்டுரையாளர் கையில் இருந்தது. கேட்ட விதத்தில் குற்றச்சாட்டு இல்லை, கொடுப்பதில் அவர்களுக்கும் தயக்கம் இல்லை.

கடிதத்தின் தொனி இங்கே முக்கால் பங்கு. இப்படி எழுதலாம்: “உங்கள் கட்டுரையின் இரண்டாம் அட்டவணையில் ஒரு குழுவின் சராசரி 3.51 என்று உள்ளது. 28 பேரின் முழு எண் மதிப்பெண்களில் இருந்து எனக்கு அந்த எண் கிடைக்கவில்லை. நான் எதையாவது தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா? தரவுக் கோப்பை அனுப்ப இயலுமா?” இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. நீங்களே தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் வாய்ப்பு எப்போதும் இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு. இட்டுக்கட்டிய தரவாக இருந்தால் நீங்கள் முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறீர்கள். கோப்புகள் மாறலாம், காணாமல் போகலாம். இன்னொன்று, உங்கள் பெயர் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. சிறிய துறைகளில் அவரே நாளை உங்கள் ஆய்வேட்டுக்கோ நிதி விண்ணப்பத்துக்கோ மதிப்பீட்டாளராக வரக்கூடும். மேலும், தனிப்பட்ட கடிதத்தோடு விஷயம் அடங்கிவிட்டால் மற்ற வாசகர்களுக்கு எதுவும் தெரியாது. “நன்றி, கவனிக்கிறோம்” என்று பதில் வந்தால், எப்போது இதழுக்குத் திருத்தம் அனுப்புவீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

சந்தேகம் வலுவாக இருந்தாலும் இந்த வழியை அடியோடு விட வேண்டியதில்லை. கட்டுரையாளர்கள் பலர் இருந்தால், தரவைத் தொடாத மூத்த கட்டுரையாளருக்கு எழுதலாம். 2014 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. தன்பாலினத் திருமணம் பற்றிய மக்களின் கருத்தை, வீட்டு வாசலில் நடக்கும் ஒரு சிறு உரையாடல் நீண்ட காலத்துக்கு மாற்றுகிறது என்றது அது. டேவிட் புரூக்மனும் ஜோஷுவா கல்லாவும் அதே முறையில் சொந்த ஆய்வைத் தொடங்கினார்கள். கட்டுரை சொன்ன அளவுக்கு அவர்களுக்கு ஆட்கள் பதில் தரவில்லை. கருத்துக்கணிப்பு நடத்தியதாகச் சொல்லப்பட்ட நிறுவனத்தைக் கேட்டால், அப்படி ஒரு திட்டமே தெரியாது என்றது. கட்டுரையின் இரண்டாவது ஆசிரியரான டொனால்ட் கிரீனிடம் ஆதாரங்களை வைத்தார்கள். கிரீன் சில நாட்களிலேயே கட்டுரையைத் திரும்பப் பெறும்படி இதழுக்கு எழுதினார். 2015 மே 28-இல் ‘சயின்ஸ்’ அதைத் திரும்பப் பெற்றது. முதல் கட்டுரையாளர் அதற்கு உடன்படவில்லை. கிரீன் நடந்துகொண்ட விதம் மூத்த ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் பாடம் என்றே நினைக்கிறேன்.

## வழி 2: இதழாசிரியருக்கு எழுதுவது

பதிவைத் திருத்தும் அதிகாரம் இதழுக்கு மட்டுமே இருக்கிறது. திருத்தக் குறிப்பு போடுவது, விசாரணை முடியும் வரை ஐயக் குறிப்பு போடுவது, கட்டுரையைத் திரும்பப் பெறுவது என்று மூன்று கருவிகள் அதன் கையில் உள்ளன. 1997-இல் தொடங்கிய பதிப்பு நெறிக் குழுவான ‘கோப்’, இவற்றில் எதை எப்போது பயன்படுத்த வேண்டும் என்று வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. முடிவுகள் நம்பத்தகாதவை என்று தெளிவானால் திரும்பப் பெற வேண்டும். அது மோசடியா, நேர்மையான பிழையா என்பது அதற்கு நிபந்தனை இல்லை. இதைப் புகார் கொடுப்பவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். இதழின் கடமை பதிவைச் சரிசெய்வது. ஆளைத் தண்டிப்பது அதன் வேலையே இல்லை. ஆகவே உங்கள் கடிதத்தில் “மோசடி” என்ற சொல் தேவைப்படாது. “ஐந்தாம் படத்தின் முதல் பட்டையும் இரண்டாம் படத்தின் மூன்றாம் பட்டையும் ஒன்றுபோல் உள்ளன, இரண்டும் வெவ்வேறு மாதிரிகள் என்று குறிப்பு சொல்கிறது” என்று எழுதினால் போதும். அதற்கு மேல் சேர்த்தால் கடிதம் ஆசிரியர் மேசையிலிருந்து வழக்கறிஞர் மேசைக்குப் போய்விடும்.

பெயர் சொல்லாத கடிதத்தையும், ஆதாரம் குறிப்பாக இருந்தால், மற்ற கடிதங்களைப் போலவே கவனிக்க வேண்டும் என்பது ‘கோப்’பின் நிலைப்பாடு.

மறைந்திருக்கும் செலவு ஒன்றே ஒன்று: காலம். அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தட்டம்மை உள்ளிட்டவற்றுக்கான தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய கட்டுரையை ‘லான்செட்’ மருத்துவ இதழ் 1998-இல் வெளியிட்டது. அதன் 12 இணை ஆசிரியர்களில் பத்துப் பேர் 2004-லேயே அந்த விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். கட்டுரை முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது 2010-இல். அந்த 12 ஆண்டுகளில் எத்தனை பெற்றோர் பயந்து குழந்தைக்குத் தடுப்பூசி போடாமல் விட்டார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

நுண்ணுயிரியல் வல்லுநர் எலிசபெத் பிக்கும் அவர் குழுவினரும் 20,621 கட்டுரைகளின் படங்களைக் கண்ணால் பார்த்து 2016-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அவற்றில் 3.8 சதவீதத்தில் படக் கோளாறு இருந்தது. பிக் அவற்றை ஒவ்வொன்றாக இதழ்களுக்கு எழுதினார். ஐந்து ஆண்டுகள் கழித்தும் பெருவாரியானவை மீது நடவடிக்கை இல்லை. இன்னும் வருத்தமான ஒன்றும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத் தலைவராக இருந்த மார்க் டெசியே-லவீன், தன் பழைய கட்டுரைகளுக்குத் திருத்தம் எழுதி 2015-இல் ‘சயின்ஸ்’ இதழுக்கு அனுப்பியிருந்தார். இதழின் பக்கம் நேர்ந்த தவறால் அவை வெளிவரவே இல்லை என்று 2022-இல் அந்த இதழே ஒப்புக்கொண்டது. கட்டுரையாளரே அனுப்பிய திருத்தத்துக்கே இந்தக் கதி.

ஆகவே கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. கிடைத்ததா என்று இரண்டு வாரத்தில் கேளுங்கள். விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கேளுங்கள். இதழ் ‘கோப்’ உறுப்பினராக இருந்து, தன் நடைமுறையைப் பின்பற்றவில்லை என்றால் ‘கோப்’பிடம் முறையிடலாம். அவர்கள் உங்கள் புகாரின் உள்ளடக்கத்தை விசாரிக்க மாட்டார்கள், இதழ் ஒழுங்காக நடந்துகொண்டதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

சில மருத்துவ இதழ்கள் வாசகர் கடிதங்களைக் கட்டுரை வெளியான சில வாரங்களுக்குள் மட்டுமே ஏற்கும். கெடு தாண்டிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் கெடு வெளியிடுவதற்கான கடிதங்களுக்குத்தான். கோளாறைத் தெரிவிக்கும் கடிதத்துக்குக் கெடு கிடையாது.

## வழி 3: நிறுவனத்தில் புகார்

அச்சான பக்கத்தைப் பார்த்து முடிவு சொல்ல முடியாத விஷயங்கள் இங்கே வருகின்றன. தரவு உண்மையில் திரட்டப்பட்டதா? நோயாளிகளிடம் ஒப்புதல் வாங்கினார்களா? ஆய்வகக் குறிப்பேட்டில் அந்தத் தேதியில் என்ன இருக்கிறது? இதழால் இவற்றைக் கேட்கத்தான் முடியும். அலமாரியைத் திறந்து பார்க்கப் பல்கலைக்கழகத்தால்தான் முடியும். தரவை இட்டுக்கட்டுதல், திரித்தல், கருத்துத் திருட்டு ஆகிய மூன்றையும் ஆய்வு முறைகேடு என்று வகுத்து விசாரிக்கும் நடைமுறை பல நிறுவனங்களில் எழுத்தில் இருக்கிறது.

இந்த வழி சரியாக வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகம் சாட்சி. 2011-இல் இளம் ஆய்வாளர்கள் மூன்று பேர், சமூக உளவியலில் நட்சத்திரமாக இருந்த டீடெரிக் ஸ்டாப்பல் பற்றித் தங்கள் சந்தேகத்தைத் துறைத் தலைவரிடம் கொண்டுபோனார்கள். பல்கலைக்கழகம் உடனே அவரைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்தது. அவர் முன்பு வேலை செய்த பல்கலைக்கழகங்களும் சேர்ந்து விசாரித்து, 2012-இல் முழு அறிக்கையைப் பொதுவில் வைத்தன. அவருடைய 58 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த மூன்று பேரும் உடனே ஓடிவரவில்லை, மாதக்கணக்கில் கவனித்துக் குறித்து வைத்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பொறுமைதான் புகாரைத் தள்ளுபடி செய்ய முடியாததாக ஆக்கியது.

சரியாக வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் சாட்சி. அறுவை மருத்துவர் பாவ்லோ மக்கியாரினி செயற்கை மூச்சுக்குழாய்களை நோயாளிகளுக்குப் பொருத்தி, வெற்றி என்று கட்டுரைகள் எழுதினார். அங்கேயே வேலை செய்த நான்கு மருத்துவர்கள், நோயாளிகளின் நிலை கட்டுரையில் சொன்னபடி இல்லை என்று 2014-இல் புகார் கொடுத்தார்கள். வெளியிலிருந்து வந்த விசாரணையாளர் முறைகேடு என்றார். நிறுவனத் தலைமை 2015-இல் அதை ஏற்காமல் மக்கியாரினியை விடுவித்தது. அடுத்த ஆண்டு ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் வந்து நாடே கொதித்த பிறகுதான் தலைவர் பதவி விலகினார், மக்கியாரினி நீக்கப்பட்டார். 2018-இல் மறு விசாரணை முறைகேட்டை உறுதி செய்தபோது, புகார் கொடுத்தவர்களும் சில கட்டுரைகளில் இணை ஆசிரியர்களாக இருந்ததால் அவர்கள் மீதும் பழி பதிந்தது. உண்மையைச் சொல்லி நோயாளிகளைக் காக்க முயன்றவர்களுக்கு நேர்ந்த இந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறைந்திருக்கும் செலவு இதிலிருந்தே தெரியும். விசாரிப்பவருக்கும் விசாரிக்கப்படுபவருக்கும் சம்பளம் ஒரே இடத்திலிருந்து வருகிறது. ரகசியம் காக்க வேண்டும் என்று உங்கள் வாயைக் கட்டிவிட்டு, அறிக்கையை வெளியிடாமலே போகலாம். ஆண்டுக்கணக்கில் இழுக்கும். உங்கள் சொந்த நிறுவனம் என்றால், புகார் கொடுக்கும் முன்பே அங்கே புகார்தாரரைப் பாதுகாக்கும் விதி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நேர்மை அதிகாரி என்று ஒருவர் இருந்தால், பெயர் குறிப்பிடாமல் “இப்படி ஒரு நிலைமை இருந்தால் நடைமுறை என்ன?” என்று முதலில் கேட்கலாம். வழிகாட்டியைப் பற்றியே புகார் என்றால், வேறு ஒரு பேராசிரியர் உங்களை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறாரா என்பதை உறுதி செய்துகொண்டு அடியெடுத்து வையுங்கள்.

## வழி 4: பொதுவெளியில் எழுதுவது

2012-இல் தொடங்கிய ‘பப்பியர்’ தளத்தில் வெளியான எந்தக் கட்டுரை பற்றியும் பெயர் சொல்லாமல் கருத்து எழுதலாம். யாரும் சரிபார்க்கக்கூடிய செய்திகளை மட்டுமே எழுத வேண்டும், முறைகேடு என்று குற்றம் சாட்டக் கூடாது என்பது அவர்களின் விதி. உலாவியில் அவர்களின் நீட்சியை நிறுவியவர்களுக்கு, கட்டுரையைத் திறக்கும்போதே கருத்து இருப்பது தெரிந்துவிடும். பக்கத்திலேயே ஆதாரம் இருக்கும் படக் கோளாறுகளுக்கு இது மிகப் பொருத்தம். பார்ப்பவர் தானே பார்த்து முடிவு செய்துகொள்வார்.

தீங்கு நடந்துகொண்டிருக்கும்போது பொதுவெளியின் வேகத்துக்கு ஈடே இல்லை. 2020 மே 22-இல் ‘லான்செட்’ இதழில், ‘சர்ஜிஸ்பியர்’ என்ற நிறுவனத்தின் தரவை வைத்து, 671 மருத்துவமனைகளின் சுமார் 96,000 கொரோனா நோயாளிகள் பற்றி ஒரு கட்டுரை வந்தது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆபத்து என்றது. உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்துப் பிரிவை உடனே நிறுத்தி வைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் மே 28-இல் திறந்த கடிதம் எழுதி, தரவு எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். மூலத் தரவைத் தணிக்கைக்குக் காட்ட நிறுவனம் மறுத்ததால் ஜூன் 4-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மொத்தம் 13 நாட்கள். இதழுக்கு மட்டும் தனித்தனியாக எழுதியிருந்தால் இது நடந்திருக்காது என்றே நம்புகிறேன். பெயரோடு கூட்டாகக் கையெழுத்திட்டது இன்னொரு பாதுகாப்பையும் கொடுத்தது. நூறு பேரைத் தனிமைப்படுத்த யாராலும் முடியாது.

மறைந்திருக்கும் செலவு. முதலாவது, நியாயம் பற்றியது. நேர்மையான பிழை செய்தவரும் ஊர் முன்னால் நிற்க நேர்கிறது. பிறகு விளக்கம் வந்தாலும் தேடுபொறியில் சந்தேகம்தான் முதலில் வரும். இரண்டாவது, சட்டம். அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் பப்பியரில் எழுதியவர்களின் பெயரைக் கேட்டு 2014-இல் வழக்குத் தொடர்ந்தார். மிச்சிகன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016 டிசம்பரில் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்றது. ‘டேட்டா கொலாடா’ வலைப்பதிவை நடத்தும் மூன்று பேராசிரியர்கள், ஒரு ஹார்வர்டு பேராசிரியரின் தரவு பற்றி 2021-இல் முதலில் பல்கலைக்கழகத்திடம் சொல்லி, விசாரணை முடியும் வரை காத்திருந்து, 2023-இல்தான் எழுதினார்கள். அப்படியும் பல்கலைக்கழகத்தின் மீதும் அவர்கள் மீதும் இரண்டரைக் கோடி டாலர் கேட்டு வழக்கு வந்தது. அவதூறுக் குற்றச்சாட்டுகளை நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. வென்றார்கள், ஆனால் வழக்குச் செலவுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. அவதூறுச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. உங்கள் ஊர்ச் சட்டம் தெரியாமல் பெயரோடு எழுதாதீர்கள்.

மூன்றாவது, பொதுவில் எழுதியதால் மட்டும் பதிவு திருந்துவதில்லை. பப்பியரில் கருத்துகள் ஆண்டுக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடப்பதும் உண்டு. ஆகவே பொதுவில் எழுதினால், அதன் இணைப்பை இதழாசிரியருக்கும் அனுப்புங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கட்டுரையாளர் | இதழ் | நிறுவனம் | பொதுவெளி |
|---|---|---|---|---|
| எந்த ஆதாரத்துக்குப் பொருந்தும் | கோப்பு அவர் கையில் இருந்தால் | அச்சில் தெரிவது | குறிப்பேடு, மூலத் தரவு, ஒப்புதல் படிவம் | அச்சில் எவருக்கும் தெரிவது |
| வேகம் | நாட்கள், வாரங்கள் | மாதங்கள், சிலசமயம் ஆண்டுகள் | ஆண்டுகள் | உடனே |
| பதிவு திருந்துமா | அவர் மனம் வைத்தால் | ஆம் | இதழுக்குச் சொன்னால் | நேரடியாக இல்லை |
| கட்டுரையாளருக்கு நியாயம் | மிக அதிகம் | அதிகம் | நடைமுறையைப் பொறுத்தது | குறைவு |
| உங்கள் பெயர் மறைவாக இருக்குமா | இருக்காது | கேட்டால் காப்பார்கள் | உறுதியில்லை | இருக்கலாம் |
| பெரிய ஆபத்து | ஆதாரம் மறைவது | கிடப்பில் போவது | பழிவாங்கல் | வழக்கு, அவசர முடிவு |

நடைமுறையில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பவர்கள் குறைவு, வரிசையாகத்தான் போவார்கள். எண் பிழை என்றால் கட்டுரையாளரில் தொடங்கி, ஒரு மாதம் பதில் இல்லையென்றால் இதழுக்குப் போவேன். படம் திரும்பத் திரும்ப வந்தால் நேராக இதழ், கூடவே பப்பியர். தரவே இல்லை என்ற சந்தேகம் என்றால் கட்டுரையாளரைத் தவிர்த்துவிட்டு, இதழுக்கும் நிறுவனத்துக்கும் ஒரே நாளில் எழுதுவேன். ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்காமல் இருக்க, இரண்டு கடிதத்திலும் மற்றவருக்கும் எழுதியிருப்பதைக் குறிப்பிடுவேன். நோயாளிகளுக்கு ஆபத்து என்றால் எல்லா வழியும் ஒரே நேரத்தில்.

## இந்த வழிகள் பொருந்தாத இரண்டு நிலைகள்

நீங்கள் மதிப்பீட்டாளராக ஒரு கைப்பிரதியைப் படிக்கும்போது கோளாறைக் கண்டால், தேர்வு எதுவும் கிடையாது. அந்தக் கைப்பிரதி ரகசியமாக உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இதழாசிரியருக்கு மட்டுமே எழுத வேண்டும். கட்டுரையாளருக்கோ பொதுவிலோ எழுதினால் நீங்கள் நெறி மீறியவர் ஆவீர்கள். மதிப்பீட்டு அறிக்கையில் எழுதாமல், ஆசிரியருக்கு மட்டும் என்று இருக்கும் தனிப் பெட்டியில் எழுதுங்கள்.

மற்றது, உங்கள் பெயரே அந்தக் கட்டுரையில் இருப்பது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு 2013-இல் கட்டுரையாளர் தகுதிக்கு நான்காவது நிபந்தனை ஒன்றைச் சேர்த்தது: கட்டுரையின் எந்தப் பகுதியில் கேள்வி எழுந்தாலும் அது விசாரிக்கப்பட்டுத் தீர்வதற்கு ஒவ்வொரு கட்டுரையாளரும் பொறுப்பு. “அந்தப் பகுதியை நான் செய்யவில்லை” என்பது இங்கே செல்லாது. மற்ற கட்டுரையாளர்கள் எல்லாருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், தரவைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள், அவர்கள் இசையாவிட்டால் நீங்கள் மட்டுமே இதழுக்கு எழுதுங்கள்.

2018-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற ஃபிரான்சஸ் ஆர்னால்டு, 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த தன் குழுவின் கட்டுரையை 2020 ஜனவரியில் திரும்பப் பெற்றார். சோதனையை மீண்டும் செய்தபோது அதே முடிவுகள் வரவில்லை, குறிப்பேட்டில் முக்கியமான சோதனைகளுக்கு உரிய பதிவுகளும் மூலத் தரவும் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அப்படிச் செய்ய நேர்ந்தால் அறிவிப்பின் வாசகத்தைக் கவனமாக எழுதுங்கள். எந்தப் படம், எந்த அட்டவணை, எந்த முடிவு இனி செல்லாது, எது இன்னும் நிற்கிறது, கோளாறை யார் கண்டுபிடித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வெளியே இருந்து ஒருவர் சுட்டிக்காட்டியிருந்தால், அவர் சம்மதித்தால், அவர் பெயரைப் போட்டு நன்றி சொல்லுங்கள்.